குழந்தைகளின் புற்றுநோயும் குடும்பத்தார் உள்ளமும்

(வெள்ளி விழாவை ஒட்டி நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் புற்றுநோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். விழா நாளில் மங்கலச் சொற்களைக் கேட்க விழைவது மனித இயல்பே. ஆயினும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதே நம் சங்கத்தின் முதற்பணி. வந்துகொண்டிருந்த பிள்ளை ஒருநாள் வராமற் போனால், ஏன் வரவில்லை என்று அந்த வீட்டு வாயிலில் நின்று கேட்கும் கடமையும் நமக்கு உண்டு. அவ்வாறு கேட்கும்போது சில வீடுகளில் கிடைக்கும் விடை இந்நோயாக உள்ளது. ஒரு பிள்ளை நோயுறுகின்றது. தாய் அப்பிள்ளையோடு பட்டணத்து மருத்துவமனைக்குச் செல்கின்றாள். தந்தை கூலிக்கும் கடனுக்கும் அலைகின்றான். வீட்டையும் தம்பி தங்கையரையும் பார்த்துக்கொள்ள ஆளில்லாமையால் எட்டாம் வகுப்புப் படிக்கும் அக்காள் பள்ளியை விட்டு நிற்கின்றாள். நோய் ஒரு பிள்ளைக்கு. படிப்பு நின்றதோ இரண்டு பிள்ளைகளுக்கு. ஆகவே இது மருத்துவர்க்கு மட்டுமே உரிய பொருளன்று; நமக்கும் உரியதே.

இவ்வுரையில் நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து ஒன்றே. குழந்தைகளின் புற்றுநோய்க்கு இன்று மருந்து உண்டு. அம்மருந்தை இறுதிவரை செலுத்திக்கொள்ளும் உறுதி குடும்பத்தின் மனத்தில் இருத்தல் வேண்டும். அந்த மனவுறுதியை ஒரு வீடு தனித்து நின்று பெறுதல் அரிது. சுற்றமும் சமுதாயமும் கூடித்தான் அதனை அளிக்க இயலும்.

நோயும் மருந்தும்

பெரியவர்க்கு வரும் புற்றுநோய்க்குப் புகையிலை, மது போன்றவற்றைக் காரணமாகக் கூறுவர். குழந்தைகளிடத்தில் பெரும்பாலும் இன்னதால் வந்தது என்று சுட்டிக்காட்ட இயலாது. ஏறத்தாழ பத்தில் ஒருவர்க்கே மரபணு வழியான கூறு காணப்படுகின்றது. அதுவும் எவர் செய்த குற்றமும் அன்று. குழந்தைகளிடையே மிகுதியாகக் காணப்படுவது இரத்தப் புற்றுநோய். எலும்பின் உள்ளேயுள்ள மச்சையில் தோன்றும் வெள்ளணுக்கள் முதிராத நிலையிலேயே கட்டுக்கடங்காது பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமற் செய்துவிடுகின்றன. அதனால் குழந்தை வெளிறுகின்றது. விட்டுவிட்டுக் காய்ச்சல் வருகின்றது. அடிபடாமலே உடம்பில் கன்றிய தடங்கள் தோன்றுகின்றன. கால் எலும்பு வலிக்கிறது என்று குழந்தை அழுகின்றது. இவையன்றி மூளையில் கட்டி, நிணநீர்ச் சுரப்பியில் புற்று, சிறுநீரகக் கட்டி, கண்ணில் வரும் புற்று ஆகியவையும் உண்டு. இரவில் விளக்கொளி பட்டதும் குழந்தையின் கண்மணி பூனைக்கண்போல் வெள்ளையாக மின்னினால் ஒருநாளும் தாமதிக்கலாகாது.

ஒரு காலத்தில் இரத்தப் புற்றுநோய் என்றால் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ முடிவு என்றிருந்தது. 1947ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், அமினோப்டெரின் என்ற மருந்தைக் குழந்தைகளுக்குச் செலுத்திப் பார்த்தார். 16 குழந்தைகளில் 10 பேர்க்கு நோய் தணிந்ததை 1948இல் வெளியிட்டார். அத்தணிவு நிலைக்கவில்லை, நோய் மீண்டது. எனினும் இந்நோய்க்கு மருந்தே கிடையாது என்ற எண்ணம் அன்று முதல் தகர்ந்தது. அம்மருந்தை ஆக்கித் தந்த ஆய்வுக்குழுவின் தலைவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். தம் உடன்பிறந்தாரை நோய்க்குப் பறிகொடுத்தவர்.

இன்னொரு மருந்து நம் கண்முன் வளரும் செடியிலிருந்து வந்தது. நித்தியகல்யாணியை அறியாதார் யார்? சுடுகாட்டு மல்லி என்றும் அதனை அழைப்பர். அந்தச் செடியிலிருந்து பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் 1963 முதல் மருந்தாகப் பயன்பட்டு வருகின்றது. இன்றும் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு முதலில் ஏற்றப்படும் மருந்துகளுள் அது ஒன்று. மாட்டுக்கும் ஆகாது என்று நாம் ஒதுக்கிய செடி எத்தனையோ வீடுகளின் பிள்ளைகளைப் பிழைக்க வைத்துள்ளது!

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 19 வயதுக்குட்பட்டோருள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சம் பேர் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். செல்வம் மிக்க நாடுகளில் அவர்களில் 100க்கு 80 பேர்க்கு மேல் குணமடைகின்றனர். வருவாய் குறைந்த நாடுகள் பலவற்றில் குணமடைவோர் 100க்கு 30 பேர்கூட இல்லை. 2030ஆம் ஆண்டுக்குள் உலகெங்கும் 100க்கு 60 பேரையேனும் பிழைக்கவைக்க வேண்டும் என்று 2018இல் அந்நிறுவனம் இலக்கு வகுத்தது. இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணங்கள் பல. நோயைப் பிந்திக் கண்டறிதல், தவறாகக் கண்டறிதல், மருந்தும் மருத்துவரும் எட்டாத தொலைவில் இருத்தல் ஆகியவற்றோடு மற்றொன்றும் சேர்கின்றது. அதுவே தொடங்கிய சிகிச்சையைக் குடும்பத்தார் பாதியில் கைவிடுதல். இதில் பணத்தின் பங்கு பெரிது. மனத்தின் பங்கும் சிறிதன்று. நாம் கருதவேண்டிய இடம் இதுவே.

நோய் நுழைந்த வீடு

நோயின் பெயரை மருத்துவர் சொல்லும் அந்நேரத்தில், அதற்குப் பின் அவர் சொல்லும் எதுவும் தாய் தந்தையர் செவியில் ஏறுவதில்லை. முதலில் திகைப்பு, அடுத்து, இராது, சோதனையில் பிழை இருக்கும் என்ற மறுப்பு, பிறகு யார்மீது என்றறியாத சினம், இறுதியில் தம்மீதே பழி. 'காய்ச்சல் வந்த அன்றே கொண்டுவந்திருந்தால்' என்று தாய் மறுகுகின்றாள். 'கையில் காசு இருந்திருந்தால்' என்று தந்தை மறுகுகின்றான். இவை பைத்தியக்காரத்தனமும் அல்ல, பலவீனமும் அல்ல. எந்த நாட்டிலும், எந்த வகுப்பிலும், பெற்ற மனம் இப்படித்தான் துடிக்கின்றது.

இரத்தப் புற்றுநோயின் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீள்வது. முதல் மாதம் கடுமையானது. முதுகுத்தண்டில் ஊசி, எலும்பு மச்சையில் ஊசி, கையில் ஓயாத மருந்தேற்றம். பிறகு சில மாதங்கள் வந்து போகும் சிகிச்சை. அதன்பின் நெடுங்காலம் வீட்டில் நாள்தோறும் மாத்திரை. இம்மூன்று கட்டங்களிலும் குடும்பத்தின் மனம் மூன்று விதமாகச் சோதிக்கப்படுகின்றது. முதற்கட்டத்தில் அச்சம். இரண்டாம் கட்டத்தில் களைப்பு. மூன்றாம் கட்டத்திலோ வியப்புக்குரிய ஓர் ஆபத்து உள்ளது. குழந்தை ஓடி ஆடுகின்றது, முடி மீண்டும் வளர்கின்றது, நோய் போய்விட்டது என்று வீட்டார் நினைக்கின்றனர். கூலியை விட்டு, பேருந்துக் கட்டணம் கொடுத்து, நலமாயிருக்கும் பிள்ளையை ஏன் அழைத்துச் செல்லவேண்டும் என்ற எண்ணம் எழுகின்றது. அந்த இடத்தில் மாத்திரையை நிறுத்தினால் மறைந்திருந்த நோய் மீண்டும் தலைதூக்கும். இரண்டாம் முறை வந்த நோயை வெல்லுதல் முதன்முறையைவிட மிகக் கடினம்.

மருந்து மனத்தையும் தொடும் என்பதைத் தாய்மார்கள் அறிந்திருத்தல் நல்லது. சிகிச்சையில் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகளால் குழந்தையின் முகம் உப்பும். அடங்காப் பசி எடுக்கும். காரணமின்றி அழும், சினக்கும், உறங்காது. 'என் பிள்ளை இப்படி இருந்ததில்லையே, பிடிவாதம் பிடிக்கின்றதே' என்று கலங்கி அடித்துவிடும் தாயும் உண்டு. அடித்த கையைப் பார்த்து இரவெல்லாம் அழும் தாயும் அவளே. அது பிள்ளையின் குணமன்று, மாத்திரையின் வேலை என்று எவரேனும் ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த அடியும் இல்லை, அந்த அழுகையும் இல்லை.

தந்தையர் நிலை வேறு. ஆண்பிள்ளை அழலாகாது என்று வளர்க்கப்பட்டவன் தன் துயரைச் சொல்ல இடமின்றி அலைகின்றான். மனைவியும் பிள்ளையும் அடையாற்றிலோ எழும்பூரிலோ வேலூரிலோ புதுச்சேரியிலோ இருக்க, அவன் ஊரில் செங்கற்சூளையிலும் கரும்பு வயலிலும் உழைத்துப் பணம் அனுப்புகின்றான். அவளுக்கோ, 'வந்து பார்க்கவும் மனமில்லையே' என்ற ஏக்கம். அவனுக்கோ, 'என் பாட்டை யார் அறிவார்' என்ற கசப்பு. இருவரும் ஒரே துயரை இரு வேறு இடங்களில் சுமப்பதால் ஒருவரை ஒருவர் தவறாக எண்ணுகின்றனர். சிலர் மதுவை நாடுகின்றனர். ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். இந்நோய் வந்த குடும்பம் உடைந்தே தீரும் என்பது உண்மையன்று. நார்வே, டென்மார்க் நாடுகளில் மக்கட்பதிவேடுகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகளில், இத்தகைய பெற்றோரிடையே மணமுறிவு பொதுவாக மிகுந்திருக்கவில்லை என்று தெரியவந்தது. நாடும் வாழ்க்கையும் வேறாயினும், துயரம் மனிதரைப் பிரிக்கவும் கூடும், பிணைக்கவும் கூடும் என்பதற்கு இது சான்று.

குழந்தை அறியும்

பெரியவர்கள் செய்யும் பெரும்பிழை ஒன்றுண்டு. குழந்தைக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் கூடாது என்று கருதி அனைத்தையும் மறைத்தல். அன்பினாலேயே அவ்வாறு செய்கின்றனர். ஆனால் குழந்தைக்குத் தெரியாமல் இருக்கின்றதா?

மைரா புளூபாண்ட்-லாங்னர் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர், மருத்துவமனையில் இரத்தப் புற்றுநோயால் அவதியுற்ற சிறு குழந்தைகளோடு நெடுநாள் பழகி, 1978இல் ஒரு நூல் வெளியிட்டார். அக்குழந்தைகளிடம் எவரும் உண்மையைச் சொல்லவில்லை. ஆயினும் தம் நோய் கொடியது என்பதையும், மருந்துகளின் பெயர்களையும், அடுத்த கட்டிலில் இருந்த குழந்தை ஏன் காணாமற் போனது என்பதையும், தமக்கு நேரவிருப்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். அறிந்தும் வாய் திறக்கவில்லை. திறந்தால் அம்மா அழுவாள், அப்பா அறையை விட்டுப் போய்விடுவார் என்று அஞ்சினர். பெற்றோர் குழந்தைக்காக நடித்தனர். குழந்தை பெற்றோருக்காக நடித்தது. இடையே அந்தச் சின்னஞ்சிறு உயிர் தன் அச்சத்தோடு தனித்துக் கிடந்தது. இதனினும் கொடிய தனிமை உண்டோ!

ஸ்வீடன் நாட்டில் புற்றுநோய்க்குப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் நடத்திய ஆய்வு 2004இல் வெளிவந்தது. தம் பிள்ளையிடம் சாவைப் பற்றிப் பேசிய பெற்றோர் 147 பேர். பேசியதற்காக வருந்தியவர் அவர்களுள் ஒருவர்கூட இல்லை. பேசாத பெற்றோர் 258 பேர். அவர்களுள் 69 பேர், பேசாமற் போனோமே என்று பின்னாளில் வருந்தினர். எல்லாக் குழந்தையிடமும் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. குழந்தை கேட்கும் கேள்விக்கு, அதன் வயதுக்கேற்ற சொல்லில், பொய்யில்லாத விடை தரவேண்டும் என்பதே பொருள். 'உன் இரத்தத்தில் ஒரு நோய் இருக்கிறது. அதைப் போக்க மருந்து ஏற்றுகிறார்கள். வலிக்கும். நான் பக்கத்திலேயே இருப்பேன்' என்று சொல்லலாம். 'வலிக்காது கண்ணு' என்று சொல்லி ஊசி போட வைத்தால், ஊசியின் வலி சிறிது நேரத்தில் போய்விடும். அம்மா பொய் சொன்னாள் என்ற நினைவு போவதில்லை.

யாரும் கேளாத பிள்ளைகள்

நோயுற்ற குழந்தையை எல்லோரும் கேட்கின்றனர். அதன் அண்ணனையும் அக்காளையும் எவரும் கேட்பதில்லை. பாட்டி வீட்டிலோ அத்தை வீட்டிலோ விடப்பட்ட அப்பிள்ளைகளின் நெஞ்சில் நடப்பது என்ன? 'தம்பிக்கு மட்டும் ஆப்பிள், பொம்மை, அம்மா. எனக்கு ஒன்றுமில்லை' என்ற பொறாமை எழுகின்றது. உடனே, 'சாகக் கிடக்கும் தம்பிமீது பொறாமைப்பட்டேனே' என்ற குற்றவுணர்வு எழுகின்றது. 'அன்று நான் தள்ளிவிட்டேனே, அதனால்தான் வந்ததோ' என்று தமக்குள் நடுங்கும் பிள்ளைகளும் உண்டு. சில நேரங்களில் எலும்பு மச்சை மாற்றத்துக்கு உடன்பிறந்தாரின் மச்சையே எடுக்கப்படுகின்றது. அவ்வாறு ஈந்த பிள்ளை, மருத்துவம் பலிக்காமற் போனால், தன் இரத்தம்தான் கெட்டது என்று வாழ்நாள் முழுதும் எண்ணிக் குமையக்கூடும்.

நம் வீடுகளில் இச்சுமை பெரும்பாலும் பெண்பிள்ளையின் தலையில் விழுகின்றது. அவள் சோறு வடிக்கின்றாள், தண்ணீர் எடுக்கின்றாள், தங்கையைக் குளிப்பாட்டுகின்றாள், பள்ளிக்குப் போவதில்லை. மூன்றாண்டு சிகிச்சை முடிந்து தம்பி திரும்பும்போது, அவளோடு படித்தவர்கள் அவளைக் கடந்து போய்விட்டனர். திருமணப் பேச்சு தொடங்கிவிட்டது. 25 ஆண்டுகளாகப் பெண்கல்விக்குப் போராடிவரும் நம் சங்கம், இந்த அக்காளைக் காணாமல் இருக்கலாமா?

பழியும் வினையும்

இனி, நம் சமுதாயம் சிறப்பாக எண்ணிப் பார்க்கவேண்டிய செய்திக்கு வருகின்றோம்.

நோயுற்ற வீட்டுக்கு வருவோர் சொல்லும் சொற்களைக் கேளுங்கள். 'யார் கண் பட்டதோ', 'என்ன பாவம் செய்தீர்களோ', 'குலதெய்வத்துக் குறையோ', 'முன்பிறவி வினை.' ஆறுதல் என்றெண்ணியே இவற்றைச் சொல்கின்றனர். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தாயின் நெஞ்சில் ஆணியாக இறங்குகின்றது. நாலு வயதுக் குழந்தை செய்த பாவம் யாது? பிறப்பினால் ஒருவன் தாழ்ந்தவன், அது அவன் முற்பிறவி வினை என்று சொல்லித்தானே நம் முன்னோரை நூற்றாண்டுகளாகச் சேரியில் நிறுத்தினர்? நமக்கு எதிராக வீசப்பட்ட அந்தச் சொல்லை நாமே எடுத்து நம் குழந்தையின் கட்டில்மேல் வைக்கலாமா? வினை என்று நம்பியவர் சிகிச்சையைப் பாதியில் விட்டு மந்திரிக்கச் செல்கின்றனர். வணங்க விரும்புவோர் வணங்கட்டும், மருந்தை நிறுத்தாதிருக்கட்டும்.

மற்றொன்று ஒதுக்கிவைத்தல். புற்றுநோய் ஒட்டுவதன்று. தொட்டாலும், ஒரே தட்டில் உண்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் வாராது. இருந்தும், அந்த வீட்டுப் பிள்ளையோடு விளையாடாதே என்று தம் பிள்ளையைத் தடுப்போர் நம்மிடையே உண்டு. தொடாதே என்ற சொல்லின் சூட்டை நம்மைவிட அறிந்தவர் எவர்? அந்தச் சூட்டை ஒரு குழந்தைக்கு நாம் வைக்கலாகாது.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. மருந்து ஏற்றும் காலத்தில் குழந்தையின் நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குறையும். அப்போது பலர் கூடுதல் ஆகாது. காய்ச்சல், சளி உள்ளவர் நெருங்கலாகாது. பச்சையாக எதையும் கொடுத்தலாகாது என்று மருத்துவர் சொல்வர். 'எங்களை மட்டும் உள்ளே விடமாட்டேன் என்கிறார்களே' என்று நம்மவர் புண்படுவது உண்டு. பழைய வடு அவ்வாறு எண்ணச் செய்கின்றது. ஆனால் அது குழந்தையிடமிருந்து நம்மைக் காக்க அன்று. நம்மிடமிருந்து குழந்தையைக் காக்க. சோற்றைப் பாத்திரத்தில் வைத்து வாயிலில் கொடுத்துவிட்டு, வாசலில் அமர்ந்து தாயோடு பேசியிருப்பதும் உறவுதான்.

துயரைச் சுமந்த பெரியோர்

பிள்ளையைப் பறிகொடுத்த துயரம் எளியோர்க்கு மட்டும் உரியதன்று. நம் விடுதலைக்கு வழிகாட்டிய அண்ணல் அம்பேத்கருக்கும் அன்னை ரமாபாய்க்கும் பிறந்த ஐந்து பிள்ளைகளில் நால்வர் இளமையிலேயே மறைந்தனர். கடைக்குட்டி ராஜரத்னா 1926இல் மறைந்தபோது அண்ணல் அடைந்த வேதனையை, அவர் நண்பருக்கு எழுதிய கடிதத்தால் அறிகின்றோம். அவர்களைக் கொண்டுபோன நோய் வேறு. பெற்றோரின் வேதனை ஒன்றே. எவர்க்கும் அஞ்சாத அப்பெருமகனாரும் பிள்ளைக்காகக் கலங்கினார். கலங்குதல் இழிவன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரத்தை ஆண்டுக்கணக்கில் நெஞ்சில் வைத்திருந்து, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 12 படுக்கைகளோடு தொடங்கிய அந்நிலையத்தில் 1955 முதல் பணியாற்றி, வாழ்நாள் முழுவதையும் ஈந்த டாக்டர் சாந்தா அவர்கள் 2021இல் மறைந்தார். நாம் முன்னர்க் குறிப்பிட்ட ஃபார்பரும், மருந்து கொடுப்பதோடு நில்லாமல், குடும்பத்தின் மனத்துயரும் பொருள்முடையும்கூடச் சிகிச்சையில் அடங்கும் என்று வற்புறுத்தியவர். 2015இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி, புற்றுநோயுற்ற குழந்தைக்கும் குடும்பத்துக்கும் அளிக்கவேண்டிய மனநலப் பணிகளை 15 நெறிகளாக வகுத்து வெளியிட்டனர். உடன்பிறந்தாரைக் கவனித்தலும், பள்ளிக்குத் திரும்ப உதவுதலும், பிள்ளையை இழந்த பெற்றோரைத் தொடர்ந்து சந்தித்தலும் அந்நெறிகளுள் அடங்கும்.

பிழைத்த பின்னும்

சிகிச்சை முடிந்தது என்று மருத்துவர் சொல்லும் நாளில் மகிழ்ச்சியோடு அச்சமும் வருகின்றது. சிராக்கியூஸ் நகரத்து மன்னனின் விருந்தில் அமர்ந்த டமாக்ளீசு என்பவன், தன் தலைக்கு நேரே ஒற்றை மயிரில் வாள் ஒன்று தொங்கக் கண்டான் என்பது பழங்கதை. குழந்தைப் பருவத்தில் புற்றுநோயினின்று பிழைத்தோரின் மனநிலையை ஆராய்ந்து 1981இல் வெளிவந்த ஒரு நூலுக்கு அந்த டமாக்ளீசின் பெயரையே வைத்தனர். சிறு காய்ச்சல் வந்தாலும், மீண்டும் வந்துவிட்டதோ என்று வீடு நடுங்கும். பெரும்பாலான குடும்பங்கள் காலப்போக்கில் இதிலிருந்து மீள்கின்றன. சிலர்க்குத் துயரம் ஆறாப் புண்ணாக நின்றுவிடுகின்றது. உறக்கமின்மை, கெட்ட கனவு, எதிலும் பற்றின்மை ஆகியவை மாதக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரிடம் செல்லத் தயங்கலாகாது. காய்ச்சலுக்கு மருந்துண்பதில் வெட்கம் இல்லையெனில் இதற்கும் இல்லை.

பிழைத்த பிள்ளை பள்ளிக்குத் திரும்பும்போது அதற்கு ஒரு சோதனை காத்திருக்கின்றது. முடி இல்லை என்று கேலி செய்வர். வின்கிரிஸ்டின் ஏற்றியதால் விரல் மரத்துப்போய் எழுத்து கோணும், நடை தடுமாறும். தலைக்கு 'கரண்ட்' வைத்துச் சிகிச்சை பெற்ற சிலர்க்குக் கவனமும் நினைவாற்றலும் குறையக்கூடும். அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று ஆசிரியர் ஏசினால், நோய் விட்டுவைத்த உயிரைச் சொல் வாட்டிவிடும். நம் இளைஞர்களில் ஆசிரியப் பணிக்குச் செல்லவிருப்போர் இதனை மனத்திற் கொள்ளுங்கள். பெண்பிள்ளை எனில், திருமணத்துக்குத் தடையாகும் என்று நோயையே மறைத்து, மறுபரிசோதனைக்கும் அழைத்துச் செல்லாத பெற்றோர் உண்டு. நோயை வென்றவளை மணக்க நம் இளைஞர்கள் தயங்காவிடில் இந்த மறைப்புக்குத் தேவையே இராது.

நாம் செய்யக்கூடியவை

சங்கத்தாரின் முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

முதலாவது, இந்நோய் கண்ட வீட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு உணவும் இடமும் பள்ளிக்குச் செல்லும் வழியும் குறையாதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அத்தெருவில் உள்ள ஒரு குடும்பம் ஏற்கவேண்டும். எந்தக் காரணத்தைக் கொண்டும் அக்காளின் பெயர் பள்ளிப் பதிவேட்டிலிருந்து நீங்கலாகாது.

இரண்டாவது, 18 வயது நிறைந்த இளைஞர்கள் குருதிக்கொடைக்குப் பெயர் பதிந்துகொள்ள வேண்டும். இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைக்கு மீண்டும் மீண்டும் குருதியும் தட்டணுக்களும் தேவைப்படும். 'இரத்தத்துக்கு ஆள் கொண்டு வாருங்கள்' என்று சொல்லப்பட்டு, அறியாத நகரில் தெருவில் நிற்கும் தந்தையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, படித்தவர்கள் தாள்வேலையை ஏற்கவேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடமுண்டு. புற்றுநோயாளர் சிகிச்சைக்குச் செல்லத் தொடர்வண்டியில் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் வருமானச் சான்றும், குடும்ப அட்டையும், படிவமும் கையெழுத்தும் கேட்கப்படும்போது எழுத்தறியாத் தாய் வரிசையில் நின்று திரும்புகின்றாள். நாம் கற்ற எழுத்து அங்கே பயன்படட்டும்.

நான்காவது, சிகிச்சை நடக்கும் காலம் முழுதும் மாதம் ஒருமுறையேனும் எவரேனும் ஒருவர் அந்தத் தாயைச் சென்று கண்டு, அடுத்த மருத்துவமனை நாள் எது என்று கேட்டு நினைவூட்ட வேண்டும். சிகிச்சை பாதியில் நிற்காதிருக்க இதனினும் எளிய வழி இல்லை.

ஐந்தாவது, பிள்ளையை இழந்த வீட்டுக்குப் பதினாறாம் நாள் காரியத்தோடு நம் வருகை நின்றுவிடலாகாது. துயரத்தின் கனம் உறவினர் கலைந்தபின்னரே தெரியும். ஆறாம் மாதத்திலும் ஆண்டு நிறைவிலும் சென்று, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைச் சொன்னால் தாய் அழுவாள் என்று அஞ்சவேண்டா. எல்லோரும் மறந்துவிட்டார்களே என்பதுதான் அவளை மேலும் வருத்துவது.

அன்பர்களே! எழுதப் படிக்கத் தெரியாத ஊரில் ஒரு திண்ணையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து எழுத்தறிவித்தவர்கள் நம் மூத்தோர். எவர் பிள்ளை என்று அவர்கள் பார்க்கவில்லை. நம் பிள்ளை என்றே பார்த்தனர். அந்தப் பார்வையையே நோயுற்ற பிள்ளையின் மீதும், அதன் அக்காளின் மீதும், உறக்கமின்றி விழித்திருக்கும் தாயின் மீதும் திருப்ப வேண்டுகின்றோம். வெள்ளி விழாக் கொண்டாடும் சங்கம் பொன்விழாவை எட்டும்போது, இந்நோயினின்று பிழைத்து, பள்ளிக்குத் திரும்பி, பட்டம் பெற்ற ஒருவர் இந்த மேடையில் ஏறிப் பேசவேண்டும். அவருக்காகப் பள்ளியை விட்டு நிற்காத அவருடைய அக்காளும் உடன் பேசவேண்டும்.